நாஞ்சில் நாட்டில் ஒரு கலியாணக் கணக்கு

திருநெல்வேலியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பிரயாணிக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியவுடனே வேறு ராஜ்யத்துக்குள் புகுந்துவிட்டது போன்ற உணர்ச்சி உண்டாகும். இந்தப் பக்கத்தில் உடைமரமும் பனையும் நிற்கும் வறண்ட பூமி. அந்தப் பக்கத்தில் குளமும் வயலும் தென்னந்தோப்பும். கணவாயின் வாயிலில் முப்பந்தல் காற்றாடிகள் நூற்றுக் கணக்கில் சுழன்று கொண்டிருக்கின்றன. மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, "உள்ளே வருக" என்று வழி விடுவது போலிருக்கிறது.

வேறு ராஜ்யம் என்பது வெறும் அலங்கார வார்த்தையன்று. நாஞ்சில் நாடு என்று பெயர் பெற்ற தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுக்காக்களும் 1949 வரையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அதற்குப் பின் ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களுடன் சேர்ந்து, கன்னியாகுமரி ஜில்லா என்ற பெயரில் தமிழ் ராஜ்யத்தோடு இணைந்தன. வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழுந்த காலத்தில், 1809 பிப்ரவரியில், கும்பினிப் பட்டாளம் இந்தக் கணவாயைத் தாண்டி வந்தது. ஆனால் கும்பினிச் சீமையின் சட்டங்களும் பதிவு முறைகளும் மலைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. இந்தச் செய்தி சரித்திரப் பாடத்துக்கு மட்டும் உரியது என்று நேயர்கள் நினைக்கலாம். பழைய கலியாணம் ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

நாஞ்சில் நாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குமரி முனையில் சூரியோதயம் பார்க்க வருவார்கள். அல்லது சுசீந்திரத்தில் தாணுமாலயனைத் தரிசிக்க வருவார்கள். நாம் இந்த முறை போன காரியம் வேறு. பினாங்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் நம்மைத் துணைக்கு அழைத்திருந்தார். அவருடைய பாட்டனார் 1930-க்குப் பின் மலாய் நாட்டுக்குக் கப்பலேறியவர். குடும்பத்தில் பாட்டனாரின் தகப்பனார் பெயர் தெரியும்; ஊர் தெரியும்; அவருக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு நிலம் இருந்தது என்பதுகூடத் தெரியும். பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கொள்ளுப்பாட்டனார் ஒன்றுக்கு மேற்பட்ட விவாகம் செய்தவர். எந்த மனைவியின் வயிற்றில் தம் வம்சம் வந்தது என்பதே நண்பரின் கேள்வி. அவருடைய மகள் பள்ளிக்கூடப் பாடத்துக்காக வம்ச விருட்சம் ஒன்று வரைந்தாளாம். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "அந்தப் பாட்டிக்குப் பேர் இல்லையா அப்பா?" என்று அவள் கேட்ட கேள்விதான் அவரை விமானத்தில் ஏற்றிவிட்டது.

கலியாணப் பதிவு என்றதும் எல்லோருக்கும் முதலில் மாதாகோயிலின் ஞாபகம் வருகிறது. அது நியாயமே. 1544-ஆம் வருஷக் கடைசியில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையோரமாக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது பிரசித்தம். அவ்வளவு பேருக்கும் பெயர்ப் பதிவேடு வைக்க அவருக்கு நேரம் ஏது? பதிவு முறை என்பது அதற்குப் பின் வந்தது. 1563-ல் திரெந்து நகரத்தில் கூடிய கத்தோலிக்கப் பொதுச் சங்கம், ஒவ்வொரு பங்குக் குருவும் மணமக்களின் பெயர், சாட்சிகளின் பெயர், தேதி, இடம் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுதிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று விதித்தது. அந்த ஒரு விதியினால் உலகத்தின் பல மூலைகளிலும் ஏழை எளியவர்களின் கலியாணம்கூட ஏட்டில் ஏறிற்று.

கோட்டாற்றுப் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தார் யாராவது தேடப் புறப்பட்டால், இரண்டு விஷயங்களை நினைவில் வைப்பது நல்லது. முதலாவது, 1908-ஆம் வருஷம் ஈஸ்டர் முதல், ஒருவருக்குக் கலியாணம் நடந்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறித்து வைக்க வேண்டும் என்பது சபைச் சட்டம். ஆகவே கலியாணம் எந்த ஊரில் நடந்தது என்று தெரியாவிட்டாலும், பிறந்த ஊர்ப் புத்தகத்தின் ஓரமே வழி காட்டும். இரண்டாவது விஷயம் இன்னும் ருசிகரமானது. நம் நாட்டில் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது சர்வ சாதாரணம். ரோமாபுரிச் சட்டத்துக்கோ அது தடை செய்யப்பட்ட உறவு. ஆகையால் மேற்றிராணியாரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைப் பெறுவதற்கு, மணமக்கள் இருவரும் எந்தப் பாட்டனாரின் வழியில் எவ்விதம் உறவு என்று படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முறைப்பெண்ணைக் கட்டிக் கொண்ட குற்றத்துக்காக வம்சாவளி எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள் அவர்கள்! கோட்டாறு மேற்றிராசனம் 1930-ல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது. எனவே அதற்கு முந்திய கடிதங்களுக்குக் கொல்லத்தையும் மறக்கக் கூடாது. பழைய ஏடுகளில் பாஷை லத்தீனாக இருக்கும். நம் அந்தோனி அங்கே அந்தோனியுஸ் ஆகி நிற்பார், பயப்பட வேண்டியதில்லை.

பிராடஸ்டண்டு சபைகளின் கதை மயிலாடியில் தொடங்குகிறது. மகாராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியினால் 1806-ல் ரிங்கல்தௌபே பாதிரியார் இங்கே வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. மீட் பாதிரியார் காலத்தில் லண்டன் மிஷனின் தலைமையிடம் நாகர்கோயிலுக்கு மாறியது. இந்தச் சபைகளில் தேடுகிறவர்களைத் தடுமாறச் செய்வது பெயர்கள். சீமையிலுள்ள அன்பர்கள் பள்ளிப் பிள்ளைகளையும் உபதேசிமாரையும் பணம் அனுப்பி ஆதரித்தார்கள். கைம்மாறாக, ஆதரிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் பெயரையே இடும்படி கேட்டுக் கொண்டார்கள். ஆகவே சுடலைமாடன் மகனுக்கு ஒரே தலைமுறையில் ஆங்கிலேயத் துரையின் முழுப் பெயரும் வந்து சேரும். அந்த இடத்தில் தகப்பன் பெயரையும் ஊரையும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளாவிட்டால் வம்ச நூல் அறுந்து போகும்.

இங்கேதான் ஆரல்வாய்மொழி குறுக்கே நிற்கிறது. 1872-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் கிறிஸ்தவ விவாகச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்து மாதாகோயில்களின் பதிவு நகல்கள், பெரும்பாலும் ஐரோப்பியருடையவை, கப்பலேறி இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூருக்கு அந்தச் சட்டம் செல்லாது. திருநெல்வேலிக்காரருக்குப் பயன்படும் வழி எல்லாம் நாகர்கோயில்காரருக்குப் பயன்படும் என்று நம்பி லண்டனுக்கு எழுதிக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. ஊர்ச் சபையின் புத்தகத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். அவ்விடத்திலும் தக்கலையிலும் உள்ள முஸ்லிம் குடும்பத்தாருக்கு வேலை சற்று எளிது. நிக்காஹ் என்பதே ஓர் உடன்படிக்கை. அதில் மணமகளின் சார்பில் நிற்கும் தகப்பனார் பெயரும், சாட்சிகள் பெயரும், மஹர்த் தொகையும் சொல்லப்பட வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ்ப் புத்தகத்தில் இவை பதிவாகின்றன.

நம் நண்பருக்கு இவற்றில் எதுவும் உதவவில்லை. அவருடையது நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பம். அக்கினி சாட்சியாக நடந்த விவாகத்துக்கு அக்கினியைத் தவிர வேறு பதிவாளர் இல்லை. ஹரித்வாரத்தில் பண்டாக்கள் யாத்திரிகர்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக நீண்ட கணக்குப் புத்தகங்களில் எழுதி வைத்திருப்பது பிரசித்தம். வடக்கே அநேகக் குடும்பங்களுக்கு அது ஒரு பெரும் வசதி. தென்கோடியில் அப்படி யாரும் நம் வாசலில் உட்கார்ந்து எழுதவில்லை.

அதோடு இந்த நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி என்ற தாய முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. ஒருவனுடைய சொத்து அவன் பெற்ற மக்களுக்கு இல்லை, சகோதரியின் மக்களுக்கு. மனைவி மக்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறு பங்குக்கு உகந்துடைமை என்று பெயர். அதைப் பெறுவதற்கும் எவ்வளவோ வழக்கு, எவ்வளவோ கண்ணீர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இந்தக் கொடுமையைத்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். ஒருவனுக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணே அதில் தன் கதையைச் சொல்கிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும். புத்தகத்தை மூடிய பிறகு வராது. 1926-ல், அதாவது கொல்லம் 1101-ல், திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைச் செய்து, மக்களுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை அளித்தது. கூட்டுச் சொத்தைப் பாகம் செய்து கொள்ளவும் வழி பிறந்தது.

நண்பர் ஏற்கெனவே கொள்ளுப்பாட்டனார் வீட்டுப் பாகப் பத்திரத்தின் நகலை வாங்கி வைத்திருந்தார். நாகர்கோயிலில் ஒரு சத்திரத்துத் திண்ணையில் அமர்ந்து நாம் அதைப் படித்தோம். அவருடைய சகோதரிகள், சகோதரி மக்கள், அவர்களுடைய மக்கள், கைக்குழந்தைகள் எல்லோரும் வயதோடு அதில் வரிசையாக வந்தார்கள். மனைவி வரவில்லை. பெற்ற பிள்ளைகளும் வரவில்லை. பழைய வழக்கப்படி அவர்கள் அந்த வீட்டுக்கு அந்நியர் அல்லவா! நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நாம் யோசித்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. கணவன் வீட்டுக் கடுதாசியில் இல்லாத பெண், தன் தாய் வீட்டுக் கடுதாசியில் இருந்தே தீர வேண்டும். அங்கே அவள் அந்நியள் அல்லள், பங்காளி. அவளும் அவள் பெற்ற மக்களும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் அந்த வீட்டுச் சொத்தைப் பாகம் செய்ய முடியாது. எந்த முறை அவளைக் கணவன் வீட்டில் பெயரில்லாதவளாக்கிற்றோ, அதே முறை தாய் வீட்டில் அவளுடைய பெயரை எழுதி வைத்திருக்கும். ஆனால் பெயரே தெரியாத பெண்ணின் தாய் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு விடை, உறவுக்காரப் பாட்டி ஒருவருடைய வீட்டுப் பத்தாயத்துக்குள் இருந்தது. நெல் கொட்டி வைக்கும் அந்தப் பெரிய மரப் பெட்டியில் இப்போது நெல் இல்லை. பித்தளைப் பாத்திரங்களும் பழைய பஞ்சாங்கங்களும் இருந்தன. அவற்றுக்கு அடியில் துணியில் சுற்றிய நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று. பிற ஊர்களில் மொய் என்பதை இங்கே சுருள் என்பார்கள். நண்பரின் பாட்டனார் கலியாணத்துக்கு யார் யார் என்ன சுருள் வைத்தார்கள் என்ற கணக்கு அது. ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துப் புத்தகத்தை ஏன் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டோம்.

"மக்களே, அவங்க வச்சத நாம திருப்பிச் செய்யாண்டாமா? யாரு வீட்டுக்கு எவ்வளவு பாக்கின்னு தெரியணும்லா?" என்றார் அந்த ஆச்சி, இதில் என்ன சந்தேகம் என்பது போல.

சர்க்கார் பதிவேடுகளுக்கு இல்லாத ஆயுள் கடன் கணக்குக்கு உண்டு என்பதை அன்று அறிந்தோம். பிள்ளையார் சுழிக்குக் கீழே முதற் பெயர் தாய்மாமனுடையது. ஊர், வீட்டுப் பெயர், தொகை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. தாய்மாமன் என்றால் யார்? நாம் தேடிய பெண்ணின் உடன்பிறந்தவன்.

அதற்கு மேல் வேலை சார்பதிவாளர் கச்சேரியில். பழைய கிரயம், ஒற்றி, பாகம், தானம் எல்லாவற்றுக்கும் அங்கே பெயர் வாரியாகவும் சொத்து வாரியாகவும் அட்டவணை உண்டு. இந்த ஜில்லாவில் வீட்டு நிலப் பத்திரத்தைப் பிரமாணம் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும். மனுக் கொடுத்துத் தேடுதல் கட்டணம் செலுத்தினோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கையில் இருந்தால் தேடுவது சாத்தியம். "எங்கள் பாட்டி" என்று மட்டும் சொன்னால் எந்தக் குமாஸ்தாவும் கையை விரிக்கத்தான் செய்வார். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. 1926-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின் பாகம் பிரிந்த அநேக வீடுகளில் தாய்மாமன் வீடும் ஒன்று. பங்காளிகளின் வரிசையில் அவருடைய மூன்று சகோதரிகள். இரண்டாவது சகோதரியின் பெயர், வயது. அதற்குக் கீழே "மேற்படியாள் மக்கள்" என்று மூன்று பெயர்கள். மூன்றில் ஒன்று நண்பரின் பாட்டனார் பெயர்.

அந்த அம்மாளின் பெயரை இங்கே நாம் எழுதப் போவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொத்து. கச்சேரி வாசலில் நின்றபடியே நண்பர் பினாங்குக்குப் பேசி, மகளிடம் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார் என்பதை மட்டும் தெரிவிக்கலாம்.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய ஓலையிலும் முகூர்த்தப் பத்திரிகையிலும் ஆங்கில வருஷம் இராது. "சுபகிருது வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அது 1843 ஆகவும் இருக்கலாம், 1903 ஆகவும் இருக்கலாம், 1963 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பெயர் திரும்பி வருகிறதல்லவா? நல்ல வேளையாக இந்தச் சீமையில் கொல்லம் ஆண்டும் சேர்த்தே எழுதுவார்கள். ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டோடு, ஆங்கில வருஷம் முடியும் வரையில் 824-ம், ஜனவரி பிறந்த பின் 825-ம் கூட்டிக் கொள்ள வேண்டும். கொல்லம் 1078 தை என்றால் 1903 ஜனவரி அல்லது பிப்ரவரி.

திரும்பும் வழியில் அழகியபாண்டியபுரத்துக்கும் போனோம். அங்கே முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த ஓலைகளைக் கவிமணி படித்துப் பிரதி செய்தார். நம் காலத்தில் ஆராய்ச்சியாளர் அ. கா. பெருமாள் அவற்றை நூலாக வெளியிட்டிருக்கிறார். நிலக் கிரயம், ஒற்றி, வரி இவற்றோடு அடிமை விற்ற ஓலைகளும் அவற்றில் உண்டு. ஆணும் பெண்ணும் விலை பேசப்பட்டு, பெயர் சொல்லி விற்கப்பட்டிருக்கிறார்கள். 1855-ல்தான் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது. தாலி கட்டிய நாளை யாரும் எழுதாத அந்த மக்களின் பெயரை, விலை வாங்கிய நாளில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய சந்ததியார் வம்சம் தேடினால் இந்த ஓலைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கூசுகிறது.

இப்போது மணம் புரிகிறவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. 2009-ஆம் வருஷச் சட்டப்படி தமிழ் நாட்டில் எந்த மதத்தாரின் கலியாணமானாலும் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். பேரப் பிள்ளைகள் பத்தாயத்தைத் திறக்க வேண்டியிராது. திறந்தாலும் அதில் ஒன்றும் இராது. பல வீடுகளில் பத்தாயமே மரக்கடைக்குப் போய்விட்டது. பூச்சி அரித்த ஓலைகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடுவதைப் புண்ணியமென்று நினைத்த காலம் ஒன்று உண்டு. சுருள் கணக்குகளைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுக் கொடுப்பது இந்தக் காலம். நாம் பார்த்த அந்தப் புத்தகத்தை நண்பர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கொண்டு, துணியைப் பழையபடி சுற்றி ஆச்சியிடமே கொடுத்துவிட்டார்.

பெயர் கிடைத்ததே தவிர, கலியாணம் எந்த வருஷம் நடந்தது என்பது இன்னும் தெரியவில்லை. பாகப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை. மூத்த பிள்ளையின் ஜாதகம் அகப்பட்டால் ஓரளவு ஊகிக்கலாம். பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம், எங்கே குடியேறியிருந்தாலும், தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேருவது வழக்கம். தாய்மாமன் வீட்டார் வழியில் யாராவது அன்றைக்கு வருவார்கள் என்று ஆச்சி சொன்னார். நண்பர் மகளையும் அழைத்துக் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.